ஐந்துக்குக் கீழே இறங்கும் வரை

எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கு இரண்டு பெயர்கள் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள் முத்துப்பிள்ளை என்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் முத்யால கர்பம் என்பார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துக் குடும்பங்களில் மாமியார் ஒரு பெயரையும் மருமகள் மற்றதையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேரளத்திலிருந்து வந்து என்னிடம் பட்டமேற்படிப்பு படித்த பெண்ணொருத்தி, தங்கள் ஊரில் இதை முந்திரிக்குலைக் கர்ப்பம் என்பார்கள் என்றும், அங்கே முந்திரி என்றால் திராட்சை என்றும் சொன்னாள். முத்தோ திராட்சையோ, பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்த சிறு குமிழ்கள் கொத்துக்கொத்தாக நிறைந்திருக்கும். மாணவர்களுக்கு நான் ஊறவைத்த ஜவ்வரிசியை ஒரு கிண்ணத்தில் எடுத்துப்போய்க் காட்டுவது வழக்கம். அந்த வகுப்புக்குப் பிறகு பாயசம் இறங்கவில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டதுண்டு, ஆனால் தேர்விலும் பிரசவ அறையிலும் அதை மறந்தவர்கள் யாரும் இல்லை.

நான் திருத்தணிக்காரி. 1960-ஆம் ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் அத்தை வீடு நகரியில், ஆந்திரத்தின் பக்கம் நின்றுவிட்டது. நடுவே ஒரு மாநில எல்லை முளைத்ததைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்று அப்பா சொல்வார். மருத்துவராகி, எல்லையோரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் மகப்பேறு பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, கர்ப்பத்திலிருந்து கிளம்பும் அரிய புற்றுநோய்களையே என் ஆய்வாகவும் பாடமாகவும் கொண்ட பிறகு, அந்த எல்லை எவ்வளவை மாற்றியிருந்தது என்பது எனக்குப் புரிந்தது.

இந்தத் துறைக்குள் என்னை இழுத்தது ஒரு சாவு. நான் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்தபோது, நெஞ்சுநோய்ப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைப் பார்க்க அழைத்தார்கள். இருபது வயது. கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். இருமலில் ரத்தம் வந்ததால் வேறொரு இடத்தில் காசநோய் என்று முடிவு செய்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது நுரையீரல் படத்தில் கோலிக்குண்டுகள் உருட்டிவிட்டதுபோல் வட்ட வட்டமாக நிழல்கள் தெரிந்தன. பிரசவத்துக்குப் பிறகு இன்னும் விட்டுவிட்டு ரத்தப்போக்கு இருக்கிறதா என்று எங்கள் பேராசிரியர் கேட்ட பின்புதான், அவளுடைய தாயார் தயங்கித் தயங்கி ஆமாம் என்றார். பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஒரு சிறுநீர்ச் சோதனை செய்து பார்" என்றார். கர்ப்பம் என்று காட்டியது. அன்றிரவே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அவள் இறந்துபோனாள். சுகப்பிரசவத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்குப் பின்னால், உள்ளே தங்கிய நஞ்சுக்கொடியின் செல்கள் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாக மாறி நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருந்தன. அதைக் குணப்படுத்தும் மருந்து அப்போதே அடுத்த தெருக் கடையில் கிடைத்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

நோயின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரு உருவானதும் அதன் வெளிச்சுற்றில் உள்ள செல்கள் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே இறங்கி, தாயின் ரத்தக்குழாய்களைப் பிடித்து நஞ்சுக்கொடியை அமைக்கின்றன. துளைத்து ஊடுருவுவதே அந்தச் செல்களின் இயல்பான தொழில்; எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு கெட்டுப்போவதுதான் இங்கே நோய். முத்துப்பிள்ளையில் முழு வகை, பகுதி வகை என்று இரண்டு உண்டு. முழு முத்துப்பிள்ளையில் தாயின் மரபுப்பொருள் இல்லாத வெறும் முட்டைக்குள் தந்தையின் விந்தணு நுழைந்து, பெரும்பாலும் அதுவே இரட்டித்து வளர்கிறது. உட்கருவில் இருக்கும் 46 குரோமோசோம்களும் தந்தையுடையவை என்பதை 1977-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கஜீயும் ஓஹாமாவும் காட்டினார்கள். பகுதி முத்துப்பிள்ளையில் தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து இரண்டு பங்குமாக 69 இருக்கும். இந்தத் தகவலை மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்களிடம் நான் ஆயுதமாகப் பயன்படுத்தியதுண்டு. பிறகு அதை நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் பழியை ஒரு தோளிலிருந்து இறக்கி இன்னொரு தோளில் ஏற்றுவது மருத்துவம் அல்ல. உங்கள் சாப்பாட்டாலோ, வேலையாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ இது வரவில்லை என்று இருவரையும் உட்காரவைத்துச் சொல்வதே போதுமானதாக இருந்தது.

முழு முத்துப்பிள்ளை வந்த பெண்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேருக்கு, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்த பிறகும் அந்தச் செல்கள் அடங்காமல் வளரும். பகுதி வகையில் அது மிகவும் குறைவு. இப்படி வளர்வதைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைத்திருக்கும் கருவி, புற்றுநோய் மருத்துவத்தில் வேறு பிரிவுகளுக்கு அரிதாகவே வாய்க்கும் ஒன்று. அந்தச் செல்கள் பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. வாரம் ஒரு முறை ரத்தத்தில் அதை அளந்தால் போதும். எண் ஐந்துக்குக் கீழே இறங்க வேண்டும். மூன்று வாரங்களில் எடுத்த நான்கு அளவுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றாலோ, இரண்டு வாரங்களில் எடுத்த மூன்று அளவுகள் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறிக்கொண்டே போனாலோ, திசுவை வெட்டி எடுத்துப் பார்க்காமலே கீமோவைத் தொடங்கலாம். உண்மையில் இந்த நோயில் வெட்டிப் பார்ப்பதே ஆபத்து. பிறப்புறுப்பில் நீலம்பாய்ந்த ஒரு சிறு கட்டி தெரிகிறதே என்று துணுக்கு எடுக்கப்போய், ரத்தம் நிற்காமல் அறுவை அரங்குக்கு ஓடிய இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன.

எண்ணை நம்பும் தொழிலில் எண் எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஹார்மோன் பல லட்சங்களைத் தாண்டிப் போகும்போது சிறுநீர்ச் சோதனைப் பட்டை திணறிப்போய், மங்கலான கோட்டைக் காட்டும் அல்லது கர்ப்பமே இல்லை என்று காட்டிவிடும். வயிறு ஐந்து மாத அளவுக்கு வளர்ந்திருக்கிறது, வாந்தி நிற்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, பட்டையோ இல்லை என்கிறது என்றால், சிறுநீரில் தண்ணீர் கலந்து நூறு மடங்கு நீர்க்கவைத்து மறுபடியும் பாருங்கள் என்று பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இதற்கு நேர்மாறான பொய்யும் உண்டு. சில பெண்களின் ரத்தத்தில் இருக்கும் வேறு எதிர்ப்புப் புரதங்கள் சோதனையைக் குழப்பி, இல்லாத ஹார்மோனை இருப்பதாகக் காட்டும். அந்தப் புரதங்கள் சிறுநீரில் இறங்குவதில்லை. ஆகவே ரத்தத்தில் எண் தேங்கி நின்று, சிறுநீரில் ஒன்றும் இல்லையென்றால், கீமோ மருந்தை அலமாரியிலேயே வைத்துவிட்டு முதலில் ஆய்வகத்தைக் கேள்வி கேட்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு ஆய்வகத்தின் கருவியும் ஒவ்வொரு விதமாக அளக்கும். ஒரு வாரம் புத்தூரிலும் மறுவாரம் திருத்தணியிலும் எடுத்த இரண்டு சீட்டுகளை அருகருகே வைத்து ஏறியது, இறங்கியது என்று முடிவெடுப்பது, இரண்டு கடைத் தராசுகளில் மாறி மாறி நிறுத்துவிட்டுக் குழந்தை இளைத்துவிட்டது என்று அழுவதைப் போன்றதுதான்.

எண்ணுக்கு முன்பே தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. கரு கலைந்துவிட்டது என்று சுத்தம் செய்யும்போது வெளியே வரும் திசு வாளியில் போய்விடுகிறது. சிறு மருத்துவமனைகளில் அதைப் பார்மலின் பாட்டிலில் போட்டு நோயியல் ஆய்வுக்கு அனுப்புவதில்லை, செலவு என்பார்கள். பகுதி முத்துப்பிள்ளை ஸ்கேனில் சாதாரணக் கருச்சிதைவு போலவே தெரியும் என்பதால், அந்தப் பாட்டில் ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. என் பயிற்சி வகுப்புகளுக்கு வந்த எல்லையோரத்து மருத்துவர்களிடம் ஆண்டுதோறும் நான் கெஞ்சிக் கேட்டது இதை மட்டுமே.

மருந்தின் கதையையும் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை, ஏனென்றால் அது எங்கள் பக்கத்துக் கதையும்கூட. 1920-களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தபோது, ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட்டில் இருந்த ஏதோ ஒன்று அதைக் குணப்படுத்துவதைக் கண்டார். அதுவே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. 1895-இல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே ஆய்வகத்தில் தம் குழுவோடு அந்த அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கவைத்தார். பிறகு அதன் சாயலில் இருந்துகொண்டே அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கவைத்தார். மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில் வந்த மருந்துதான். (அந்த ஆய்வகம் இருந்த ஊரின் பெயர் பேர்ல் ரிவர், அதாவது முத்தாறு. இது தற்செயல்தான் என்றாலும், சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.) அவர் 1948-இல் இறந்துவிட்டார். 1956-இல் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ், டொனால்டு ஸ்பென்சர் ஆகிய மூவரும் பரவிய கோரியோகார்சினோமா அந்த மருந்தில் அடங்கியதை அறிவித்தார்கள். படத்தில் கட்டிகள் மறைந்த பின்னும், ஹார்மோன் மிச்சமிருக்கிறதே என்று லீ மருந்தை நிறுத்த மறுத்தார். நோயாளிகளைத் தேவையில்லாமல் நஞ்சூட்டுகிறார் என்று கருதப்பட்டு வேலையை இழந்தார். மருந்து முன்கூட்டியே நிறுத்தப்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. அவர் தொடர்ந்து கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். 1972-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. எண் இறங்கிய பின்னும் மூன்று சுற்று மருந்தைக் கூடுதலாகக் கொடுக்கும் இன்றைய வழக்கம் அவருடைய பிடிவாதத்தின் எச்சம்.

இவ்வளவு பாடம் நடத்திய நானே ஒரு பெண்ணைக் கைநழுவவிட்டேன். அவள் சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். வீட்டில் பேசுவது தமிழ், என்னிடம் பேசியதும் தமிழ். முழு முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்தபோது எண் இரண்டு லட்சத்துக்கு அருகில் இருந்தது. ஆறு வாரங்களில் நூறுகளுக்கு இறங்கிவிட்டது. அடுத்தடுத்த சோதனைத் தேதிகளையும், ஆறு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்க வேண்டாம், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள், புதுக் கர்ப்பம் வந்தால் பழைய நோயின் எண்ணை அது மறைத்துவிடும் என்ற குறிப்பையும் அழகான தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலையாட்டி வாங்கிக்கொண்டாள். நான்கு மாதம் கழித்து மூச்சிரைப்போடு வந்தாள். எண் மீண்டும் லட்சத்தைத் தொட்டிருந்தது, நுரையீரலில் நிழல்கள். தாள் மடிப்புக் குலையாமல் பையில் இருந்தது. ஏன் வரவில்லை என்று நான் கடிந்துகொண்டபோது அவள் கணவர்தான் மெல்லச் சொன்னார்: "டாக்டரம்மா, எங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. எழுத்து தெரியாது." கேட்பதற்கு வெட்கப்பட்டிருக்கிறார்கள். சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களில் பலருக்குத் தமிழ் காதிலும் நாவிலும் மட்டுமே இருக்கிறது என்பது, அத்தை மக்களோடு வளர்ந்த எனக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்தும் யோசிக்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த ஆபத்து மதிப்பெண் ஏழு என்ற அளவைத் தாண்டியிருந்ததால், ஒற்றை மருந்து போதாமல் ஐந்து மருந்துகள் சேர்ந்த சிகிச்சையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. தலைமுடி கொட்டியது, வெள்ளணுக்கள் குறைந்து இரண்டு முறை காய்ச்சலோடு படுத்தாள். அந்த ஐந்தில் ஒன்றான வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பூ என்று வீட்டில் சேர்க்காத செடி. அவள் மாமியார் அதைத் தெலுங்கில் பில்ல கன்னேரு என்று சொல்லி, வாசலில் இருந்ததைத் தாமே பிடுங்கி எறிந்ததாக வருந்தினார். கடைசியில் எண் இறங்கியது. அவள் குணமான வருடம், ஐம்பதை நெருங்கும் வயதில், நான் தெலுங்கு எழுத்து கற்கத் தொடங்கினேன். பிரிவில் அதன்பின் எந்தச் சீட்டும், எந்த எழுத்து படிக்க வரும் என்று கேட்காமல் எழுதப்படவில்லை. எழுத்தே தெரியாதவர்களுக்கு நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கொடுத்து, வரவேண்டிய நாளில் ரத்தத்துளி வரைந்து காட்டினோம்.

மருந்துச் சீட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. எளிய வகை நோய்க்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் ஊசி, மறுநாள் அதன் நஞ்சை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் என்று எட்டு நாட்கள் மாற்றி மாற்றிக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பச் செய்வோம். ஃபோலினிக் என்பதைக் கடைக்காரர் ஃபோலிக் என்று படித்து, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார். பெயரில் ஓரெழுத்துதான் கூடுதல். ஆனால் ஃபோலிக் அமிலம் அந்த நஞ்சை முறிக்காது, வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் வருவார்கள். மருந்தை வார்டிலிருந்தே கொடுத்தனுப்புவது ஒன்றே வழி என்று கண்டோம். உடல்வலிக்குக் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் மெத்தோட்ரெக்சேட்டை உடலில் தேக்கிவிடும் என்பதால், அதையும் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆய்வு என்றால் பெரிய கருவிகளை நினைக்கிறார்கள். அரிய நோயில் ஆய்வு என்பது முதலில் ஒரு நல்ல பதிவேடு. பிரிட்டனில் 1973 முதல் இந்த நோய் வந்த பெண்களை மையமாகப் பதிந்து, லண்டன் சேரிங் கிராஸ் உள்ளிட்ட மூன்றே இடங்களில் எண்ணைக் கண்காணிக்கிறார்கள். அங்கே குணமாகும் விகிதம் உயர்ந்ததில் அந்த ஏற்பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. என் பதிவேடோ பெயரிலேயே இடறியது. ஆந்திரப் பக்கத்தில் இன்டிபேரு என்னும் வீட்டுப்பெயர் முன்னால் வரும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோ கணவர் பெயரோ வரும். பிரசவத்துக்குத் தாய்வீடு, சிகிச்சைக்குப் புகுந்த வீடு என்று எல்லையை மாறி மாறிக் கடக்கும் ஒரே பெண் என் ஏட்டில் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி குணமானவள், மற்றவள் காணாமற்போனவள். கணக்கைச் சரிபார்க்கவே ஒரு முழு ஆய்வு மாணவியின் முதல் ஆண்டு கழிந்தது. அந்தப் பெண்ணுக்கு அது அலுப்பாக இருந்தது. எனக்கு அதுவே அவளுடைய ஆய்வேட்டின் மிகச் சிறந்த பகுதியாகத் தோன்றியது.

அந்த ஏட்டிலிருந்து தெரியவந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு நான்கு முறை முத்துப்பிள்ளை, தங்கைக்கு இரண்டு முறை. அவர்களுடைய தாயார் தம் சொந்தத் தாய்மாமனை மணந்தவர். 2006-இல் என்.எல்.ஆர்.பி.7 என்ற மரபணுவில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்த பெண்களுக்கு இப்படித் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்தார்கள். இவர்களுடைய முத்துப்பிள்ளை தந்தையிடமிருந்து மட்டும் வருவதல்ல. குரோமோசோம்கள் இருவருடையவை, முட்டையில்தான் கோளாறு. ஆகவே கணவரை மாற்றிப் பேசுவதோ, மறுமணம் பற்றிக் குசுகுசுப்பதோ பயனற்றது. வேறொரு பெண் தரும் முட்டையால் கருவுற்றால் நல்ல குழந்தை பிறக்க வாய்ப்புண்டு. அக்கா மகளைக் கட்டும் வழக்கம் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறது. அதைப் பழித்து நான் பேசியதில்லை, என் பாட்டியும் அப்படித்தான் மணமுடித்தவர். இரண்டாவது முறை முத்துப்பிள்ளை வந்தால், சகோதரிகளையும் கேளுங்கள், மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

மற்றபடி, ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. கீமோ எடுத்தவர்களும் ஓராண்டு காத்திருந்து கர்ப்பம் தரிக்கலாம். சத்தியவேட்டுப் பெண் நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பையனைப் பெற்றாள். பிரசவமான ஆறாவது வாரத்தில் எச்.சி.ஜி. பார்க்க வேண்டும் என்று நான் தெலுங்கில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டோடு மாமியாரும் வந்தார். "பிள்ளைதான் பிறந்துவிட்டதே டாக்டரம்மா, இன்னும் எதற்கு இந்த ஊசியும் செலவும்?" என்று கேட்டார். நெஞ்சுநோய்ப் பிரிவில் இறந்துபோன அந்த இருபது வயதுப் பெண்ணைப் பற்றி, அவளுக்கும் சுகப்பிரசவம்தான், குழந்தைக்கு ஐந்து மாதம் என்று சொல்லத் தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் அவர் பேரனை என் மேசைமேல் கிடத்திவிட்டு, மருமகளின் கையைப் பிடித்து ரத்தம் எடுக்கும் அறைக்கு அழைத்துப் போய்விட்டார்.